அண்ணி போட்ட கோடு, களஞ்சியம் போட்ட பூஜ்யம்

1

கேக் வெட்டியபோது எனக்குத்தான் கைதட்டினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரும் பக்கங்களில் நான் யார் யார் மேலேயோ எரிந்து விழப்போகிறேன். அன்றைக்குக் கைதட்டு வாங்கியவளும் நானே என்பதை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நார்வேயின் மேற்குக் கரையில், குடையை மறந்துவிட்டு வெளியே போக முடியாத ஓர் ஊரில் பதினோரு வருடங்களாக இருக்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. நூலகம் என்றதும் பழவேற்காட்டில் எல்லோரும் நான் புத்தகம் அடுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அடுக்குவது ஆய்வுத் தரவுகளை. ஓர் ஆராய்ச்சியாளர் கடலின் உப்பை அளக்கிறார், நண்டை எண்ணுகிறார், கட்டுரை எழுதிப் பதவி உயர்வும் வாங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த அளவுகள் அவருடைய பழைய கணினியோடு குப்பைக்குப் போய்விடக் கூடாது. எங்களிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் சரிபார்த்து, விளக்கம் சேர்த்து, நிரந்தரமான ஓர் எண் கொடுத்துத் தரவுக் களஞ்சியத்தில் வைப்போம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். களஞ்சியத்தை ஓட்டும் மென்பொருளும் திறந்த மூல மென்பொருள்தான். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எழுதியது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கலாம்.

இந்த வேலையை நான் நம்பித்தான் செய்கிறேன். பொன்னேரியில் கல்லூரி படித்தபோது எங்கள் ஏரியைப் பற்றி வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதிய கட்டுரையைத் தேடினேன். முதல் பத்தி மட்டும் தெரிந்தது. மீதியைப் படிக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றது கணினி. எங்கள் ஏரி, எங்கள் மீன், எங்களுக்கே பூட்டு. அந்தக் கோபம்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது என்று நேர்முகத் தேர்வில்கூடச் சொன்னேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

களஞ்சியத்துக்குப் பத்து வயது ஆனதற்குத்தான் அந்தக் கேக். எங்கள் பிரிவின் தலைவர் பெரித், இதுவரை அதிகம் பேர் எடுத்துக்கொண்ட தரவு எது என்று திரையில் காட்டினார். பழவேற்காடு ஏரியின் இறால், மீன் பிடிப்பு நாட்குறிப்புகள்! "இதைச் சரிபார்த்தது மேகலா. அவளுடைய சொந்த ஊர்" என்று பெரித் சொன்னதும் கைதட்டு. நான் எழுந்து நின்று பூநாரைகளைப் பற்றியும் கலங்கரை விளக்கத்தைப் பற்றியும் பேசினேன். இத்தனை பேர் எதற்காக இதை எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

2

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூப்பிடுவேன். வேலை நாளில் அவன் கூப்பிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"மேகலா, சாப்ட்டுகினு கீறியா?"

"பரவால்லண்ணா, சொல்லு. எல்லாரும் நல்லா கீறீங்களா?"

"நல்லாத்தான் கீறோம். பொன்னேரி ஆபீஸ்ல அந்த ரிப்போர்ட்ட வச்சிருக்காங்கோ. யாரு வேணாலும் வந்து பாக்கலாம்னு. இப்பத்தான் பாத்துட்டு பஸ்ஸுக்கு நிக்கறேன்."

அந்த ரிப்போர்ட் என்றால் எந்த ரிப்போர்ட் என்று எனக்குத் தெரியும். ஏரிக்குள் ஆழமாக வெட்டிப் பெரிய படகுகள் போக வழி செய்யும் ஒரு திட்டம். யாருடைய திட்டம் என்ற பெயரெல்லாம் இங்கே வேண்டாம். வரைபடத்தில் அந்த வழி நேராக எங்கள் ஊர் வலை போடும் இடத்தின் மேலேயே போகிறது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இன்னும் ஐந்து வாரத்தில். அதற்கு முன்னால் திட்டத்தின் ஆலோசகர் எழுதிய பாதிப்பு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி.

"இன்னா எழுதிக்கீறாங்க?"

"நம்ம எடத்துல மீனே கெடையாதாம். முக்காவாசி நாளு பூஜ்யமாம். அதனால யாருக்கும் ஒண்ணும் நஷ்டம் இல்லியாம். தமிழ்லயே போட்டுக்கீறாங்கோ, இரு படிக்கறேன். 'வாழ்வாதார பாதிப்பு குறிப்பிடத்தக்கதன்று.' அப்பிடின்னா இன்னா அர்த்தம்?"

"ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"ஒண்ணுமில்லியா! தெனம் அதுலதான சாப்புடறோம்? அத வுடு, இத்த கேளு. இந்தக் கணக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கீழ சின்ன எழுத்துல போட்டுக்கீறாங்கோ. நார்வேன்னு கீது. உங்க ஆபீஸ் பேரு மாதிரியே கீதும்மா."

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எங்கள் ஆபீஸ் பெயரேதான். நிரந்தர எண்ணும் இருந்தது. ஒரு புள்ளி பிசகாமல், எங்கள் வழிகாட்டியில் சொல்லியிருக்கிற முறைப்படி அழகாக மேற்கோள் காட்டியிருந்தார்கள். கையில் எடுத்த ரொட்டித் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

கூட்டத்தின் குறிப்பில் இந்தப் பூஜ்யம் ஏறிவிட்டால் கதை முடிந்தது. அங்கே யாரும் மீன் பிடிப்பதே இல்லை என்று அரசாங்கத் தாளில் இருக்கும். இல்லாதவர்களிடம் யார் வந்து என்ன கேட்கப் போகிறார்கள்?

3

விஷயம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் இறாலுக்கு வலை போடும் இடத்தைப் பாடு என்போம். நல்ல இடம் என்றால் எல்லோரும் அங்கேயே போய் முட்டிக்கொள்வார்கள், வெட்டுக்குத்தில் முடியும். அதனால் ஊரில் சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்தப் பாட்டில் இன்னார் வலை, நாளைக்கு இன்னார் வலை என்று சுற்றிச் சுற்றி வரும். நம் முறை இல்லாத நாளில் இறால் துள்ளிக்கொண்டு நின்றாலும் நம் படகு அங்கே போகக் கூடாது. போனால் ஊர்ப் பஞ்சாயத்தில் கைகட்டி நிற்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் சென்னைக் கல்லூரி ஒன்றும் இங்கேயிருந்து ஒரு பேராசிரியரும் சேர்ந்து ஆய்வுக்கு வந்தார்கள். சில குடும்பங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, பாட்டில் தினமும் எவ்வளவு கிடைத்தது என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அண்ணனும் நைனாவும் ஒரே படகில் போவார்கள். நைனா என்றால் அப்பா, இப்போது இல்லை. அவர்கள் வந்து இறக்கியதும் எழுதியது அண்ணி கோமதி. ஒரு வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் எழுதினார். ஆய்வுக்காரர்கள் கடைசியில் பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் கூப்பிட்ட மறுநாளே அண்ணி அந்த நோட்டைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததும் எனக்குப் புரிந்தது. வலை போட்டு இறால் கிடைத்த நாளில் கிலோ எழுதியிருந்தார். வலை போட்டும் ஒன்றும் படாத நாளில் பூஜ்யம். முறை இல்லாத நாளில் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு.

"போயி ஒண்ணும் கெடைக்காதது வேற, போவாததே வேற இல்ல?" என்றார் அண்ணி. "அந்தப் பசங்கிட்ட மொத நாளே சொல்லித்தான் எழுதனேன். சூப்பரா எழுதறீங்க அக்கான்னு சொல்லிட்டு போனாங்கோ."

அண்ணி கோடு போட்ட நாளில் பாடு காலியாகக் கிடக்கவில்லை. ஊரில் வேறு யாரோ ஒருவரின் வலை அதே இடத்தில் நின்றது. அந்த வீட்டுக்கு ஆய்வுக்காரர்கள் நோட்டுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரன் அள்ளிக்கொண்டு வந்த நாளை எல்லாம் இந்த அறிக்கை மீனே இல்லாத நாள் என்கிறது.

4

களஞ்சியத்தில் ஃபைலைத் திறந்தேன். அண்ணிக்கு அங்கே பெயர் இல்லை, 'குடும்பம் 7'. நோட்டில் கோடு இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் பூஜ்யம். கூடவே வைத்திருந்த விளக்கக் குறிப்பையும் முழுக்கப் படித்தேன். வலையின் கண் அளவு இருந்தது, தராசின் வகை இருந்தது, பாடு என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. முறை என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏரிக்கரையில் வருடக்கணக்காக வந்து போனவர்கள் அண்ணி வீட்டு மீன் குழம்பை மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி பொன்னேரிக்குப் போனான். அங்கிருந்த அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத நீங்க நேத்து உக்காந்து எழுதலன்னு எனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆய்வுக்காரர்கள் அன்றைக்கே பிடித்த படங்கள் தேதியோடு எங்கள் களஞ்சியத்தில் இருக்கின்றன. அவை கிடைத்தால் அவர் வாய் திறக்க முடியாது. ஆனால் எண்கள் இருக்கும் ஃபைல் உலகத்துக்கே திறந்திருக்க, நோட்டுப் படங்கள் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. ஏனென்றால் அவற்றில் குடும்பங்களின் பெயர் இருக்கிறது. மீனவர்களின் தனியுரிமையைக் காக்க வேண்டுமாம்.

பேராசிரியருக்கு எழுதினேன். பணி ஓய்வு பெற்றுவிட்டேன், இந்த முகவரியைப் பார்ப்பதில்லை என்று கணினியே பதில் போட்டது. சென்னைக் குழுவின் முகவரி செத்துப்போயிருந்தது. பெரித்திடம் போனேன். பெரித் நல்லவர், எனக்கு இந்த ஊரில் வீடு பிடித்துக் கொடுத்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ளே இருப்பதை நாம் திருத்த முடியாது மேகலா. தரவைக் கொடுத்தவர் மட்டும்தான் புதிய பதிப்புத் தர முடியும். நாம் பாதுகாப்பவர்கள்" என்றார்.

பாதுகாப்பவர்கள்! உண்மையை இத்தனை பத்திரமாக யாராவது பாதுகாத்திருந்தால் நான் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். ஒரு பொய்க்கு நிரந்தர எண், நகலுக்கு நகல், அது கெட்டுப்போகாமல் இருக்க மாதாமாதம் பரிசோதனை.

பூட்டிய பெட்டியைத் திறந்து பார்க்க விண்ணப்பம் உண்டு. அண்ணனைப் போடச் சொன்னேன். நிறுவனத்தின் பெயர் என்ன, நிறுவன மின்னஞ்சல் என்ன, ஆய்வாளர் எண் என்ன, நெறிக்குழுவின் ஒப்புதல் எங்கே. நீங்கள் யார் என்பதற்கு ஒரு பட்டியல்: பேராசிரியர், ஆய்வு மாணவர், அரசு அலுவலர், தனியார் ஆலோசகர், பிற. இந்தப் படிவத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆலோசகருக்கு அதில் தனியாக ஓர் இடம் இருக்கிறது, மீன் பிடித்தவனுக்கு இல்லை என்பது அண்ணன் நிரப்பும்போதுதான் கண்ணில் பட்டது. அவன் 'பிற' என்று போட்டான். பத்து நிமிடத்தில் நிராகரிப்பு வந்தது. சொந்த மின்னஞ்சல் ஏற்கப்படாது, பங்கேற்றவர்களின் தனியுரிமை எங்களுக்கு முக்கியம் என்றது.

"யார்கிட்டேர்ந்து காப்பாத்தறீங்கோ?" என்று அண்ணன் போனில் கத்தினான். "என் பொண்டாட்டி எழுதனத என்கிட்டேர்ந்தா?"

என் கடவுச்சொல்லுக்கு அந்தப் பெட்டி திறக்கும். இரண்டு சொடுக்கு போதும், படங்கள் அண்ணன் கைபேசிக்குப் போய்விடும். கை அந்த இடம் வரை போனது. அப்படி அனுப்பினால் வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை. திருடிக் கொடுத்த படத்தை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஏற்க மாட்டார்கள். எங்களுடையதை நாங்களே திருடியதாகப் பெயர் வாங்க வேண்டியிருக்கும்.

5

என் மகள் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பதில் நார்வே மொழியில் வரும். கெஞ்சிக் கேட்டால் தமிழில் சொல்லுவாள், யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல. பழவேற்காடு என்றால் அவளுக்குக் கொசு, வெயில், கன்னத்தைக் கிள்ளும் சொந்தக்காரர்கள். அன்று சாயங்காலம் சமையலறையில் அவள் அப்பாவிடம் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது நடுவில் வந்து, "அம்மா, அது ரூல். அவங்க பெயர் வெளிய போகக் கூடாது. அது நல்ல ரூல்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. உனக்கு என்ன தெரியும், உன் மாமா சோற்றில் மண் விழப்போகிறது, நீ எனக்கு ரூல் சொல்லித் தருகிறாயா என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் அழ மாட்டார்கள். தமிழிலேயே கேட்டாள்.

"எழுதினது கோமதி அத்தைதானே? அப்போ அத்தை அவங்களோட பக்கத்தையே கேக்கலாம் இல்ல? தன்னைப் பத்தின தகவலை யார் வேணாலும் கேக்கலாம். கொடுக்கலன்னா ஆபீஸ் மேலதான் தப்பு. ஸ்கூல்ல படிச்சோம்."

இந்தச் சட்டத்தை ஒவ்வொரு பருவத்திலும் புதிய ஆராய்ச்சியாளர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். தகவலை வைத்திருப்பவர் இங்கே இருந்தால் போதும், தகவலுக்குரியவர் எந்த நாட்டிலும் இருக்கலாம் என்று படம் போட்டு விளக்குவேன். அந்தப் படத்தில் அண்ணியை நான் ஒரு நாளும் வைத்துப் பார்த்ததில்லை. அந்த உரிமை எல்லாம் இங்கே இருப்பவர்களுக்கு என்று எனக்குள்ளேயே எவளோ ஒருத்தி முடிவு கட்டி வைத்திருந்திருக்கிறாள். அவளைத்தான் முதலில் அறைய வேண்டும்.

நிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணி தமிழில், தன் கையால், ஒரு பக்கக் கடிதம் எழுதினார். நான் எழுதிய நோட்டின் படங்களை எனக்கே தர வேண்டும், உண்மை நகல் என்று தேதியோடு சான்று தர வேண்டும் என்று. அதற்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் சட்ட அலுவலர் ஒருவர் குறுக்கே வந்தார். அடையாள அட்டையில் மூ. கோமதி, ஆய்வுக்காரர்கள் வாங்கிய ஒப்புதல் தாளில் கோமதி மூர்த்தி, இதில் குடும்பப் பெயர் எது? குடும்பப் பெயரே கிடையாது, அது புருஷன் பெயர் என்று விளக்க எனக்கு மூன்று கடிதங்கள் பிடித்தன. ஒரு நாட்டில் பிறந்து இன்னொரு நாட்டில் படிவம் நிரப்பும் எவருக்கும் இந்தச் சண்டை புதிதல்ல. கடைசியில் அவர் அண்ணியின் கடிதத்தையும் நோட்டுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தமிழில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாதவருக்கும் இரண்டும் ஒரே கை என்று தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்துக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

6

இப்படிக் கேட்பவருக்கு அவருடைய தகவலை மட்டும் கொடுத்தால் போதாது. அது எங்களிடம் வந்ததிலிருந்து அதற்கு என்னவெல்லாம் நடந்தது என்ற வரலாற்றையும் கொடுக்க வேண்டும் என்றார் சட்ட அலுவலர். எங்கள் மென்பொருள் ஒன்றையும் மறப்பதில்லை. யார் எப்போது எதைத் தொட்டார்கள், யாருக்கு என்ன எழுதினார்கள், எல்லாம் உள்ளே வரிவரியாக இருக்கும். பெரித் அதை அச்செடுத்து, உறையில் போடுமுன் நீயும் ஒருமுறை பார்த்துவிடு என்று என் மேசையில் வைத்தார்.

இரண்டாவது பக்கத்தில் நான் இருந்தேன்.

பேராசிரியருக்கு நான் எழுதிய கடிதம் அது. "வணக்கம்! மிக அருமையான தரவு. ஒரு சின்ன விஷயம் மட்டும். பிடிப்பு என்ற நெடுவரிசையில் நிறையக் காலிக் கட்டங்கள் இருக்கின்றன. நிரப்பி அனுப்பினால் இன்றே வெளியிட்டுவிடலாம்." கீழே மேகலா. பக்கத்தில் ஒரு சிரித்த முகம். அடுத்த வரியில் அவருடைய பதில்: "பூஜ்யம் போட்டு நிரப்பிவிட்டேன். நன்றி." அதற்கு அடுத்த வரி: "ஏற்கப்பட்டது." அதுவும் நான்தான்.

கோட்டைத் தட்டச்சு செய்யாமல் காலியாக விட்டது சென்னைக் குழு. விட்டதுகூடப் பாதி சரிதான். காலி என்றால் தெரியாது என்று அர்த்தம், தெரியாது என்பது பொய் இல்லை. எங்கள் விதி என்ன சொல்கிறது தெரியுமா? காலிக் கட்டம் இருந்தால் நிரப்பவும், அல்லது ஏன் காலி என்று விளக்கவும். அந்த 'அல்லது' முதல் மீதியை நான் எழுதவில்லை. அன்றைக்கு மாதக் கடைசி, வரிசையில் பல ஃபைல்கள் காத்திருந்தன, என் ஊர்ப் பெயரை அன்றைக்கே வெளியே பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. பேராசிரியர், ஆலோசகர், படிவம், விதி என்று ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்தேன். எல்லோரும் திட்டு வாங்க வேண்டியவர்கள்தான், ஒருவரையும் விடுவிக்கப் போவதில்லை. ஆனால் வரிசையில் முதல் ஆள் நான்.

அந்த உறை கூரியரில் அண்ணி கைக்குப் போகும். அண்ணி படிக்காவிட்டாலும் யாராவது படித்துச் சொல்லுவார்கள். அதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே கூப்பிட்டேன். நண்டு கழுவிக்கொண்டிருக்கிறேன், சொல்லு என்றார்.

"அண்ணி, அந்தப் பூஜ்யத்த போடச் சொன்னதே நான்தான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நீயா?"

"காலியா இருக்கு, நெரப்புங்கன்னு நான்தான் எழுதனேன். அவரு பூஜ்யம் போட்டு அனுப்பனாரு. நான் பாக்காம சரின்னுட்டேன்."

"அதுல என் நோட்டும் கீதுன்னு உனக்கு அப்பவே தெரியும் இல்ல?"

"தெரியும் அண்ணி."

"அப்ப ஏன் என்னக் கேக்கல?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கெழம ஆனா போன் பண்ற. இன்னா கொழம்புன்னு கேக்கற. மழ பெஞ்சுதான்னு கேக்கற. காலியா கீதே, இது இன்னா அண்ணின்னு இத்த ஒண்ண கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பேனே, மேகலா."

எங்கள் பயிற்சிக் கையேட்டில் தரவின் தரத்தைப் பற்றி மட்டும் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதில் பாதியை எழுதியது நான். எழுதியவர்களையே கேளுங்கள் என்று அதில் ஒரு வரி இல்லை.

"சரி, அழுவாத. உங்கண்ணன் கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா அது காட்டுக் கத்தல் கத்தும். கூட்டத்துக்கு இன்னா இன்னா எடுத்துகினு போவணும், அத்த சொல்லு."

7

திருத்தக் குறிப்பு ஒன்று எழுதினேன். தரவைத் தொட எனக்கு உரிமை இல்லை, ஆனால் அதன் முகப்பில் எச்சரிக்கை ஒட்டக் களஞ்சியத்துக்கு உரிமை உண்டு. பாடு என்றால் என்ன, முறை என்றால் என்ன, எந்தப் பூஜ்யங்களை நம்பக் கூடாது, அவை எப்படி வந்தன, யார் கேட்டு வந்தன என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி என் பெயரைப் போட்டேன். பெரித் கடைசி வரியை எடுக்கச் சொன்னார். பிழை கண்டறியப்பட்டது என்று போதும், ஊழியர் பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார். பிழை தானாகவா முளைத்தது, ஓர் ஆள் செய்தது, ஆள் பெயர் வேண்டும் என்றேன். அவர் மறுபடி வழக்கம் என்றார். கோபத்தில் எனக்கு நார்வே மொழி தீர்ந்துபோய், என்னையறியாமல் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒரு நிமிடம் முழுக்க ஏரிக்கரைத் தமிழில், மேசையைத் தட்டித் தட்டி. அவர் குறுக்கிடாமல் முடியும் வரை கேட்டார். "ஒரு சொல் புரியவில்லை, ஆனால் சரி. இருக்கட்டும்" என்றார்.

குறிப்பு என் பெயரோடு வெளிவந்தது. என் மேல் தொடங்கிய விசாரணை முடியும் வரை ஃபைல் எதையும் நான் சரிபார்க்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. அது நியாயம்தான். திட்டத்தைப் பற்றிய முடிவு இதை எழுதும் வரை வரவில்லை. நான் சொல்ல வந்தது கூட்டத்தைப் பற்றி.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். அங்கே பதினொன்றரை மணி, இங்கே காலை ஏழு. அண்ணன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். சமையலறையில் நானும் நிலாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். திட்டத்தின் ஆலோசகர் திரையில் எங்கள் அட்டவணையைக் காட்டி முடித்ததும் அண்ணி எழுந்து மைக்கிடம் போனார். கையில் எங்கள் நூலகத்தின் முத்திரை போட்ட உறை.

"ஏம்மா, வெளிநாட்டு யுனிவர்சிட்டி டேட்டாவே பூஜ்யம்னு சொல்லுதே?" என்றார் மேடையில் இருந்த அலுவலர்.

"அந்த டேட்டா நான் எழுதனதுதான் சார். இந்தாங்க, அவங்களே சீல் போட்டு அனுப்பிக்கீறாங்க. இதுல கோடு போட்டுக்கீறேன் பாருங்க, அன்னிக்கி எங்க முறை இல்ல. பாடு சும்மா கெடக்கல. வேற வூட்டு வல அங்க நின்னுது. வேணும்னா கேளுங்க."

கோடு போட்ட முதல் தேதியைப் படித்தார். "அன்னிக்கி யாரு முறை?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் ஒருவர் மடியில் முறை நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். அவர் விரலை வைத்துத் தேடி முடிப்பதற்குள் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து, "எங்க முறை" என்றார். பஞ்சாயத்துக்காரர் தலையாட்டினார். அண்ணி அடுத்த தேதியைப் படித்தார். "எங்க வூட்டு முறை" என்று ஒரு பெண் எழுந்தார். அடுத்தது. இன்னொருவர். எழுந்தவர்கள் யாரும் உட்காரவில்லை. அலுவலர் போதும் என்று கை காட்டியும் அண்ணி நிறுத்தவில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு தேதியைப் படித்தார். யாரும் எழவில்லை. பஞ்சாயத்துக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு மூடினார். ஆலோசகர் சட்டென்று நிமிர்ந்து, "பாத்தீங்களா, இந்த நாளுக்கு யாருமே இல்லையே?" என்றார்.

அந்தத் தேதி எனக்குத் தெரியும். அன்றைக்கு என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. பயணச்சீட்டு வாங்கக்கூட வழியில்லாமல் இதே சமையலறையில் உட்கார்ந்து, இதே போல யாரோ தூக்கிப் பிடித்த கைபேசியில், எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன்.

"அன்னிக்கி எங்க மாமனார் செத்துட்டாரு சார்" என்றார் அண்ணி. "ஊர்ல ஒருத்தரும் ஏரில எறங்கல. அது ஒண்ணுக்கு வேணா பூஜ்யம் போட்டுக்கோங்க."

நான் நிரப்பச் சொன்ன அத்தனை கட்டங்களில் சரியாக இருந்தது நைனாவுடைய அந்த நாள் ஒன்றுதான்.